பதினேழாம் பலகை

6

"மேடம், என் அனுபவத்துல சொல்றேன். வாயைத் திறக்காம ஜெயிலுக்குப் போறவன் ரெண்டே வகை. ஒண்ணு, தப்பு செஞ்சவன். இன்னொண்ணு, கல்யாணம் ஆகிப் பத்து வருஷம் ஆனவன்."

போலீஸ் நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டே ஹாரன் இதைச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் கீழே நின்றிருந்த பெண்ணைப் பார்த்தான். உள்ளே கம்பிக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தச்சரின் மனைவி. ஹாரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுக்கு இது புதிதல்ல. பதினான்கு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன், வண்டியை விட்டாலும் சத்தத்தை விடவில்லை என்றுதான் அந்தப் பெயரே வந்தது.

முன்னால் போன சர்வேயர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐம்பத்தைந்து வயது, நரைத்த கொண்டை, தோளில் எப்போதும் தொங்கும் பழைய தோல்பை. எரிந்த கடையும் நனைந்த குடோனும் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதி எழுதி, மனிதர்கள் எந்த இடத்தில் பொய் சொல்வார்கள் என்று மனப்பாடமானவர். வேலையை விட்டுவிட்டு, ஹாரனை உதவிக்கு வைத்துக்கொண்டு, இப்போது பொய்யைக் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார். ஊர் அவரை இன்னும் சர்வேயர் என்றே கூப்பிடுகிறது.

"என்ன சொன்னாரும்மா?" என்று தச்சரின் மனைவி ஓடி வந்தாள்.

"நேத்து சொன்னதேதான். 'நான்தான் மூடினேன்.' அதுக்கு மேல ஒரு எழுத்து இல்ல."

"கல்லுளிமங்கன்!" என்றாள் அவள். திட்டும்போதே கண் கலங்கியது. "நாளைக்குக் காலையில கோர்ட்டு. இந்த மனுஷன் இப்படியே உக்காந்திருந்தா எத்தனை வருஷம் போட்டுத் தள்ளுவாங்களோ."

வழக்கு இரண்டு வரிதான். வானொலியில் முப்பது வருடம் செய்தி வாசித்த பெரியவர் ஒருவருக்கு, வீட்டிலேயே குரல் பதிவு செய்ய ஓர் அறை போட்டுக் கொடுத்தான் மகன். மூன்று சுவரில் பஞ்சு வைத்த அக்கூஸ்டிக் பேனல், ஒரு சுவர் முழுக்க மரப்பலகை. வேலை முடிந்து இரண்டாவது மாதம், ஒரு காலை ஒன்பது மணிக்குப் பெரியவர் அந்த அறையில் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மாலை நான்கு மணிக்கு மருமகள் கதவைத் திறந்தபோது உயிர் போயிருந்தது. மகனும் மருமகளும் அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தார்கள். அந்த அறையிலிருந்து சத்தமே வெளியே வராது, கைக்கெட்டும் உயரத்தில் இருந்த அழைப்பு மணிப் பொத்தானையும் தச்சர் பலகை போட்டு மூடிவிட்டார், அவருடைய அலட்சியம்தான் அப்பாவைக் கொன்றது என்று மகன் புகார் கொடுத்தான். போலீஸ் கேட்டது. தச்சர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"யாராவது சொல்லாம ஒரு கார்பென்டர் தானா போய் காலிங் பெல்லை மூடுவாரா?" என்றார் சர்வேயர்.

"சொல்லாம ஒரு ஆணி அடிக்க மாட்டாரும்மா. எழுதி வாங்குற ஆளு அவரு." தச்சரின் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "முன்னாடி ஒரு வீட்டுல ஜன்னலைப் பலகை வெச்சு மூடச் சொன்னாங்க. மூடினாரு. ஆறு மாசம் கழிச்சு, வெளிச்சமே இல்ல, எவன் இதை மூடச் சொன்னதுன்னு அவர் மேலயே பாஞ்சாங்க. அன்னையிலேர்ந்து ஒரு வழக்கம். அவருக்கு மனசுக்கு ஒப்பாத வேலைய யாராவது செய்யச் சொன்னா, பலகை அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தச் சுவத்துலயே பென்சில்ல எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுவாரு. காகிதம் தொலையும், சுவர் தொலையாதுன்னு சொல்லுவாரு."

சர்வேயர் நின்றுவிட்டார். "இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். அத்தனை பலகையையும் பிரிச்சா திரும்ப யாரு அடிக்கிறது, உன் புருஷன்தான் உள்ள இருக்கானேன்னு சிரிச்சாங்க."

சர்வேயர் மறுபடி படியேறி உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து ஒரு கான்ஸ்டபிளோடு வெளியே வந்தார்.

"மகன்கிட்ட இன்ஸ்பெக்டர் போன்ல பேசிட்டார். ஒரே ஒரு பலகையைக் கழட்ட அனுமதி."

"எத்தனைல ஒண்ணு மேடம்?"

"முப்பத்து நாலு."

"லாட்டரி சீட்டே வாங்கியிருக்கலாம்" என்றான் ஹாரன்.

*

வீடு சுத்தமாக இருந்தது. துக்கம் நடந்த வீட்டின் கலைசல் எதுவும் இல்லை. மகன் நாற்பதைத் தொடும் ஆள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதோரம் நரை. மருமகள் அவனுக்குப் பின்னால் ஒரு அடி தள்ளியே நின்றாள்.

"தாராளமா பாருங்க. எங்களுக்கு மறைக்க ஒண்ணும் இல்ல" என்றான் மகன்.

மறைக்க ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் ஹாரனுக்குக் கை அரிக்கும். சர்வேயர் முழங்கையால் அவனை இடித்ததால் சும்மா இருந்தான்.

சின்னத் தாழ்வாரம். ஒரு பக்கம் பெரியவரின் அறை. எதிர்ப்பக்கம் நான்கு எட்டில் சமையலறை. அறைக்குள் நுழைந்து ஹாரன் "ஹலோ" என்றான். சொன்ன வார்த்தை சொன்ன இடத்திலேயே விழுந்து கிடந்தது. மூன்று சுவரிலும் சாம்பல் நிறத் துணி போர்த்திய பேனல்கள், தடித்த மெத்தைகளை நிறுத்தி வைத்ததைப் போல. நான்காவது சுவர்தான் கண்ணைப் பிடித்தது. தேன் நிறத்தில் பலகைகள், தரையிலிருந்து கூரைவரை நெட்டுக்குத்தாக, ஒன்றின் ரேகை அடுத்ததில் தொடரும்படி வரிசை பிடித்து அடிக்கப்பட்டிருந்தன. ஒரு ஆணித் தலை வெளியே தெரியவில்லை. தரையை ஒட்டி ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி, ஒரே சீராக.

"பாடாவதி வேலைக்காரன்னு புகார்ல எழுதியிருக்கீங்க" என்றார் சர்வேயர், பலகையைத் தடவிக்கொண்டே. "மரத்தை ஒரு வாரம் இந்த அறையிலேயே அடுக்கி வெச்சு, இந்தக் காத்துக்குப் பழகின பிறகுதான் அடிச்சிருக்கார். மழைக்காலத்துல உப்பறதுக்கு இடமும் விட்டிருக்கார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மரத்தைத் தேர்ந்தெடுத்தது அப்பா. கடையில ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்து, சத்தம் பிடிச்சாத்தான் எடுத்தாரு. நாலு பக்கமும் பஞ்சு வெச்சா குரல் செத்துடும், ஒரு பக்கமாவது மரம் வேணும்னு கார்பென்டர் சொன்னானாம்."

"பேனலைத் தேர்ந்தெடுத்தது?"

"நான்."

"எதுக்காக?"

மகன் மனைவியை ஒரு முறை பார்த்தான். "சத்தம் வராம இருக்கத்தான். அப்பாவோட ரெக்கார்டிங்குக்குத் தொந்தரவு கூடாதுல்ல."

"அப்ப இந்தக் கதவைச் சாத்திட்டா உள்ள கூப்பிடறது வெளியே கேக்காது?"

"ஒரு பொட்டு கேக்காது. கேட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டோமா? பெத்த அப்பா மேடம்."

சர்வேயர் ஹாரனின் காதில் ஏதோ சொன்னார். ஹாரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பெரியவர் விழுந்த இடத்தில், நாற்காலியின் காலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தான். மற்றவர்கள் சமையலறைக்குப் போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

தரை குளிர்ந்தது. ஹாரன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். முதலில் தன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கதவுக்கடியில் இருந்த இரண்டு விரல் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக வந்தன. சமையலறைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். டம்ளரை மேடையில் வைக்கும் சத்தம். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று மருமகள் கான்ஸ்டபிளைக் கேட்பது. "பார்த்தீங்களா மேடம், அஞ்சு நிமிஷம் ஆச்சு, ஏதாவது கேக்குதா?" என்று மகன் பெருமையாகச் சொல்வது.

ஹாரன் கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடும் குரலில், அவ்வளவுதான், சொன்னான்.

"சார், அசையாதீங்க. உங்க காலர்ல பல்லி!"

எதிர்ப்பக்கத்தில் டம்ளர் விழுந்து உருண்டது. "எங்க, எங்க!" என்று மகன் குதிக்கும் சத்தம். கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

வேறு நாளாக இருந்தால் ஹாரன் தரையில் புரண்டு சிரித்திருப்பான். இன்று சிரிப்பு வரவில்லை. கேட்பது ஒரு பக்கம் மட்டும் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிழவரும் இங்கே இப்படியேதான் கிடந்திருக்கிறார். ஒன்பது மணியிலிருந்து நான்கு மணிவரை. அவர் கூப்பிட்டது அவர்களுக்குக் கேட்டிருக்கிறது, அவர்கள் டம்ளர் கழுவியது அவருக்கும் கேட்டிருக்கிறது. ஹாரன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

சமையலறையில் மகன் கழுத்துப் பொத்தான் தெறிக்க, நனைந்த சட்டையோடு நின்றிருந்தான்.

"பல்லி இல்ல சார், பயப்படாதீங்க" என்றார் சர்வேயர். "அந்தப் பேனல் உள்ளே எழுற எதிரொலியைத்தான் குடிக்கும். வெளியே போற சத்தத்தைத் தடுக்க அதுக்குத் தெரியாது. அதுக்குக் கனமான சுவர் வேணும், கதவிடுக்கை அடைக்கணும். உங்க கதவுக்கடியில பூனைக்குட்டி வந்து போகலாம். பேனல் போடுற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவாங்க."

"சொன்னாரு" என்றது ஒரு குரல். மருமகள். "கார்பென்டர் அப்பவே சொன்னாரு. இவர் கேக்கல."

"நீ சும்மா இரு."

"எவ்வளவு நாள்தான் சும்மா இருக்கறது?" அவள் மேடையைப் பிடித்துக்கொண்டாள். "மாமாவோட குரல் கேக்காம இருக்கணும்னுதான் அந்தப் பேனலே போட்டோம். ரெக்கார்டிங்குன்னு அவர்கிட்டச் சொன்னோம். போட்ட பிறகு முன்னாடியவிடத் தெளிவா கேட்டுச்சு. செய்தி வாசிச்ச குரல் இல்லையா. ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் கேட்டுச்சு. தினமும் கூப்பிடுவாரு மேடம். தண்ணி, கண்ணாடி, மணி என்ன, வெளியில யாரு. போனா ஒண்ணுமே இருக்காது. 'சும்மாதான்மா, உக்காரு'ம்பாரு. அன்னிக்கும் அப்படித்தான்னு நெனச்சோம். மத்தியானத்துக்கு மேல நின்னு போச்சு. தூங்கிட்டாருன்னு..."

"நாங்க கொலைகாரங்க இல்ல மேடம்" என்றான் மகன். "களைச்சுப் போனவங்க."

ஹாரனுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, இரக்கத்தைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. பதினான்கு வருடம் சைரனைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக ஓடியவன் ஹாரன். பாதிப் பேர் ஒதுங்குவார்கள். மீதிப் பேர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல், காதே இல்லாத மாதிரி முன்னால் போவார்கள். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது. அப்படி நடித்தவர்களால் வண்டிக்குள்ளேயே மூச்சை விட்டவர்களின் கணக்கு ஹாரனுக்கு மட்டும்தான் தெரியும்.

மகன் நிமிர்ந்தான். பிடித்துக்கொள்ள ஒரு துரும்பு அகப்பட்டுவிட்டது. "சரி, குரல் தினமும் கேக்கறதுதான். ஆனா மணி அடிச்சிருந்தா? அவசரத்துக்குத்தானே மணி? அடிச்சிருந்தா போயிருப்போம். அதை மூடினது அந்த ஆள்தானே? அவனே ஒத்துக்கிட்டானே?"

"மணி எங்க இருக்கு?" என்றார் சர்வேயர்.

கான்ஸ்டபிள்தான் பேனா முனையால் காட்டினார். சமையலறைக் கதவுக்கு மேலே மஞ்சளேறிய பிளாஸ்டிக் பெட்டி. ஹாரன் முக்காலியில் ஏறி மூடியைத் திறந்தான். உள்ளே கிண்ணத்துக்கும் அதை அடிக்கும் சுத்திக்கும் நடுவில், நான்காக மடித்த கைப்பிடித் துணி ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறி, துணி தோலாகியிருந்தது. இழுத்தான். விரலில் ஒட்டியது.

"மேடம், இதுல இருக்கற பிசுக்கை வழிச்சா ஒரு வண்டிக்குக் கிரீஸ் போடலாம்."

"எத்தனை நாள் பிசுக்கு?"

"எங்க வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை வருஷத்துக்கு ஒரு தடவைதான் துடைப்பேன். அது இதைவிடச் சுத்தம்."

"பேனல் வேலை முடிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆகுது" என்றார் சர்வேயர். கான்ஸ்டபிளைப் பார்த்தார். "எழுதிக்குங்க. கார்பென்டர் பொத்தானை மூடினப்ப மணி ஏற்கெனவே ஊமை. ஒரு வருஷத்துக்கு மேலயே."

"நான்தான் வெச்சேன்" என்றாள் மருமகள், யாரையும் பார்க்காமல். "ஒரு நாளைக்கு நாப்பது தடவை அடிச்சா என்ன செய்வீங்க?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஹாரன் முக்காலியிலிருந்து இறங்கினான். துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கான்ஸ்டபிளிடம் நீட்டினான். அவர் ஒரு பழைய கவரைத் திறந்து காட்டினார்.

*

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றார் சர்வேயர், மறுபடி மரச்சுவருக்கு முன்னால் நின்று. "ஊமை மணியோ என்னவோ, பொத்தானை மூடச் சொல்லி ஒருத்தர் சொல்லியிருக்கார். கார்பென்டர் அதை எழுதி வாங்கியிருக்கார். சொன்னது இந்த வீட்டு ஆள். அந்தப் பெயர் கையில இல்லாம கோர்ட்டுக்குப் போனா, 'என்னமோ மனசுல தோணிச்சு, மூடிட்டான்'னு வக்கீல் அடிச்சு விட்ருவார்."

அவர் பார்வை மகன்மேல் இருந்தது. மருமகளின் பார்வையும் அங்கேயே போனது.

"நீங்களா சொன்னீங்க?" என்றாள்.

"சத்தியமா இல்ல."

"இவரோட சத்தியத்தைப் பல்லிகிட்டயே பார்த்தாச்சு" என்று ஹாரன் முணுமுணுத்தான்.

"ஹாரன், வாயை மூடிட்டு வேலையைப் பாரு. முப்பத்து நாலுல எது?"

ஹாரன் முதலில் பெரியவரின் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். விரல் தொட்ட இடத்தில் பதினைந்தாவதிலிருந்து பத்தொன்பதாவது வரை ஐந்து பலகைகள் இருந்தன. தட்டிப் பார்த்தான். எல்லாம் ஒரே சத்தம்.

"அஞ்சுல ஒண்ணு. தேவலாம்" என்றான். "நடுவுல இருக்கறதைக் கழட்டுவோமா?"

"நடுவுல இருக்கறதை உன்னால கழட்டவே முடியாது. ஒவ்வொரு பலகைக்கும் ஓரத்துல ஒரு நாக்கு. அது பக்கத்துப் பலகையோட பள்ளத்துக்குள்ள போய் உக்காரும். ஆணி அந்த நாக்குலதான். கடைசிப் பலகையிலேர்ந்து பிரிச்சிட்டு வந்தாத்தான் நடுப்பலகை வரும்."

"அப்ப இருக்கவே இருக்கு, நாளைக்குக் கோர்ட்டு."

"இல்ல. பொத்தானை மூட மனசில்லாத ஆளு, அதை மொத்தமா புதைச்சிருக்க மாட்டார். ஒருநாள் வேணும்னு கேட்டா எடுத்துக் கொடுக்கற மாதிரி ஒரு வழி வெச்சிருப்பார்." தோல்பையைத் துழாவி ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தார். "நாக்கு இருந்தா கார்டு இடிக்கும். நாக்கை வெட்டியிருந்தா?"

பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவில் கார்டைச் செருகினார். நகக்கண் அளவு போய் நின்றது. பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் செருகினார். கார்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போய், விரலிலிருந்து நழுவி, சுவருக்குப் பின்னால் விழுந்தது.

"போச்சு, அதுல நம்ம போன் நம்பர் இருந்துச்சு" என்றான் ஹாரன்.

"பதினேழு" என்றார் சர்வேயர்.

ஹாரன் பலகையில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி மேலே தள்ளினான். கூரையோரப் பட்டிக்குள் அரை விரல் ஏறியது. கீழ்முனையை வெளியே இழுத்தான். ஆணியோ பசையோ இல்லாமல், கொக்கியிலிருந்து கழன்று, பலகை அவன் கைக்கு வந்துவிட்டது. பின்னால் குறுக்குச் சட்டங்கள். அவற்றுக்கு நடுவில், வெள்ளைச் சுவரில், தேய்ந்து பளபளத்த பொத்தான். அதற்குக் கீழே பென்சில் எழுத்து.

தச்சர் எழுத்து இல்லை அது. ஒவ்வொரு சுழியும் புள்ளியும் வைத்த இடத்தில் வைத்த, படித்தவர் கை. மகன் ஓரடி முன்னால் வந்தான். அவன் முகம் சட்டை நிறத்துக்குப் போனது.

"அப்பா எழுத்து" என்றான்.

சர்வேயர் பொத்தானையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எதிர்பார்த்த பெயர் இது இல்லை என்பது ஹாரனுக்குத் தெரிந்தது. அவரோடு வேலை பார்த்த ஒன்பது வருடத்தில் அவர் தோற்று அவன் பார்த்தது இதுவே முதல் தடவை. கான்ஸ்டபிள்தான் குனிந்து, பள்ளிப்பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தார்.

"'இந்த அழைப்பு மணிப் பொத்தானைப் பலகையால் மூடச் சொன்னது நான். தச்சர் மறுத்தார். நான்தான் வற்புறுத்தினேன். ஒரு வருடமாக இதை அழுத்தி யாரும் வந்ததில்லை. கண்ணில் பட்டால் கை போகிறது. கை போனால், மனம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. இந்த அறை என் மகன் எனக்காக ஆசைப்பட்டுக் கட்டிக் கொடுத்தது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். இதை யாரிடமும் சொல்லக் கூடாதென்று தச்சரிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.' கீழ கையெழுத்து. தேதி."

மருமகள் தாழ்வாரச் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். மகன் அழவில்லை. எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சர்வேயர் பக்கம் திரும்பினான்.

"மேடம்... இதை வெளியில கொண்டு போகணுமா?"

"என்ன?"

"அப்பாவே யாருக்கும் சொல்லாதேன்னு எழுதியிருக்கார். அது அவரோட கடைசி ஆசை மாதிரி. அதை மதிக்கணும்ல?"

ஹாரன் கையில் இன்னும் அந்தப் பலகை இருந்தது. அதை அவன் தலையில் போடாமல் இருந்ததற்கு மரத்தின்மேல் இருந்த மரியாதைதான் காரணம்.

"மதிக்கலாம்" என்றார் சர்வேயர். "அவர் உயிரோட கூப்பிட்டப்ப மதிச்சிருந்தா, இப்ப இதையும் மதிச்சிருக்கலாம். கம்பிக்குப் பின்னாடி ஒருத்தர் உங்க அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்திட்டு உக்காந்திருக்கார். நீங்க அவர் மேலயே புகார் கொடுத்திருக்கீங்க." கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். "எழுதிட்டீங்களா?"

"அப்பவே எழுதிட்டேன் மேடம். போட்டோவும் எடுத்தாச்சு" என்றார் அவர். பலகையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மகனும் மருமகளும் சமையலறைப் பக்கம் போனார்கள். வக்கீலுக்குப் போன் செய்ய வேண்டும் என்று மகன் சொல்லிக்கொண்டு போனது, நான்கு எட்டு தள்ளியும், அட்சர சுத்தமாகக் கேட்டது. சர்வேயரும் கான்ஸ்டபிளும் வாசலுக்கு நடந்தார்கள். ஹாரன் மட்டும் அறையில் ஒரு நிமிடம் பின்தங்கினான். அந்த ஒரு நிமிடத்தில் அவன் என்ன செய்தான் என்று சர்வேயர் காரில் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை, வீட்டுக்கு வெளியே நின்றவருக்கே கேட்டிருந்தது.

*

மாலை வெயில் இறங்குவதற்கு முன்பே தச்சரை வெளியே விட்டார்கள். படியில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தார். ஒல்லியான ஆள், காதில் பென்சில் சொருகும் இடத்தில் தழும்பு மாதிரி ஒரு தடம். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சர்வேயர் நடந்ததைச் சொன்னார். நன்றி சொல்வார் என்று ஹாரன் எதிர்பார்த்தான். அவருக்குக் கோபம் வந்தது.

"ஏன் திறந்தீங்க?"

"திறக்காம? நாளைக்கு உள்ள போயிருப்பீங்க" என்றான் ஹாரன்.

"போனா போயிட்டுப் போறேன். அந்த மனுஷன் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. என் வேலைய இத்தனை வருஷத்துல யாரும் அப்படி ரசிச்சதில்ல. ஒவ்வொரு பலகையையும் காதுகிட்ட வெச்சுத் தட்டிப் பார்ப்பாரு. அவர் கேட்டதைக் காப்பாத்த முடியல."

"செத்தவருக்கு வாக்கு, உசுரோட இருக்கறவளுக்கு என்ன?" என்றாள் மனைவி. "நீ உள்ள போயிருந்தா என்னை யாரு காப்பாத்துறது? எங்கிட்டயாவது சொன்னியா?"

தச்சர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு ஹாரன் பக்கம் திரும்பினார்.

"பலகைய நீங்கதான் கழட்டினீங்களா?"

"ஆமா."

"பட்டனை அமுக்கிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அடிச்சுதா?"

"துணிய எடுத்துட்டோம்ல. வீடே அதிர்ந்துச்சு. ரெண்டு தடவை அமுக்கினேன்."

"அவங்க ரெண்டு பேரும் அப்ப வீட்டுல இருந்தாங்களா?"

"சமையல் ரூம்லதான். மணிக்கு நேர் கீழ."

தச்சர் ஒரு படி இறங்கி வந்தார். இந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போய்விட வேண்டும் என்பதைப் போல அவன் முகத்தைப் பார்த்தார்.

"யாராவது வந்தாங்களா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் ஹாரனுக்கு இதற்கும் ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் பிடிக்கவில்லை.

"கதவைச் சாத்திக்கிட்டாங்க" என்றான்.